பிள்ளையை அனுப்பச் சொல்லும் சட்டம், பள்ளிக்கூடத்திடம் என்ன கேட்கிறது?

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் ஒரு பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கூடம் வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆள் உண்டு. வகுப்பாசிரியர் கேட்பார், கிராம உத்தியோகத்தர் கேட்பார், சில நேரம் பிரதேச செயலகத்திலிருந்து சிறுவர் உரிமை உத்தியோகத்தர் லயத்துக்கே (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கே) வந்து பெயரெழுதிக்கொண்டு போவார். பிள்ளையை அனுப்பாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்ற பேச்சு பெற்றோருக்குப் பழக்கமானதுதான். ஆனால் அதே பாடசாலையில் கணிதத்துக்கு ஒரு வருடமாக ஆசிரியர் இல்லை என்றால், அதற்கு யார், எந்தச் சட்டத்தின் கீழ் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில்கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இலங்கையின் கல்விச் சட்டங்கள் பெற்றோரின் கடமையை ஒரே இடத்தில், தெளிவாக எழுதி வைத்திருக்கின்றன. பெற்றோரின் உரிமையோ அரசியலமைப்பில் ஒரு வரி, சுற்றறிக்கையில் ஒரு பந்தி, தகவல் சட்டத்தில் ஒரு பிரிவு என்று சிதறிக் கிடக்கிறது. பொறுக்கிச் சேர்த்தால்தான் அது உரிமை என்றே தெரியும். கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் படித்த பெற்றோர் அதைச் சேர்த்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் சேர்த்துக் கொடுக்க ஒரு சட்டத்தரணியைப் பிடிக்கிறார்கள். காலையில் மலைக்குப் போய் மாலையில் தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவருக்கு அந்த வசதி இல்லை.

துரையின் பொறுப்பில் இருந்த காலம்

இன்றைக்கு நடப்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1907இல் வந்த கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையிடம், அதாவது தோட்ட நிர்வாகியிடம், ஒப்படைத்தது. 1920இலும் 1939இலும் வந்த சட்டங்களும் அந்த வழியிலேயே போயின. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடசாலை என்பது அரசின் அல்லது மிஷனரிகளின் வேலை. தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் அது முதலாளியின் வேலை. கொழுந்து பறிக்கக் கை தேவைப்படுகிற ஆளிடமே அந்தக் கைக்குப் பென்சில் கொடுக்கும் பொறுப்பும் இருந்தது. எப்படி நடந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. பல தோட்டங்களில் ஒரே கூரை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு.

1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் பெயரைச் சொல்லி ஒவ்வொரு வருடமும் நாம் கொண்டாடும் மாற்றம் அது. 1960, 1961 சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. தோட்டப் பாடசாலைகள் அந்தப் பொறுப்பேற்பிலும் விடுபட்டன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இந்த மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை, ஆகவே கேட்க ஆளும் இல்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் தேசியமயமான பிறகு, 1977இலிருந்துதான் தோட்டப் பாடசாலைகளை அரசு ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இலவசக் கல்வி சட்டத்துக்குள் வந்ததற்கும் தோட்டத்துக்குள் வந்ததற்கும் நடுவில் 30 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அந்தத் தாமதத்தின் தழும்பு இன்றும் தெரிகிறது. எண்ணூறுக்கும் மேற்பட்ட பெருந்தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை தரம் 5 வரையோ சாதாரண தரம் (தரம் 11) வரையோ உள்ள சிறிய பாடசாலைகள். உயர்தரத்தில் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்புகளில்) விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் படிக்கக்கூடிய பாடசாலைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் நகரங்களை ஒட்டி இருக்கின்றன. ஆசிரியர் பயிற்சிக்கென்று கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, ஜேர்மன் உதவியுடன் 1990களின் தொடக்கத்தில்தான் வந்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்பது சரி. ஆனால் அது எந்தக் கட்டடத்தின் மீது, எத்தனை ஆசிரியர்களின் மீது வந்து விழுகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எது சட்டம், எது வெறும் தாள்?

நாட்டின் அடிப்படைக் கல்விச் சட்டம் இன்றும் 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம்தான். எத்தனையோ அரசாங்கங்கள் புதுச் சட்டம் கொண்டுவருகிறோம் என்றன. காலனிக் காலத்துச் சட்டத்தின் மீது ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுத்தான் வண்டி ஓடுகிறது. கட்டாய வரவு பற்றிய 1997ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியும் இதன் கீழ் வந்ததே. 1998 ஜனவரி முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது பெற்றோரின் சட்டக் கடமையானது. 2016இல் மேல் எல்லை 16 ஆக்கப்பட்டது. கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் வரவுக் குழுக்கள் அமைய வேண்டும், பாடசாலைக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. உங்கள் பிரிவில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டால் கிராம உத்தியோகத்தர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

சரி, மறுபக்கத்தில் அரசின் கடமை எங்கே? அரசியலமைப்பின் 27(2)(ஏ) உறுப்புரை, எழுத்தறிவின்மையை முற்றாக ஒழிப்பதையும் எல்லா மட்டங்களிலும் கல்வி பெற எல்லோருக்கும் சமமான வாய்ப்பை உறுதிசெய்வதையும் அரசின் இலக்காகச் சொல்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு உறுப்புரை தள்ளி 29 வருகிறது. இந்த அத்தியாயத்தில் உள்ளவை சட்ட உரிமைகளைத் தரமாட்டா, இவற்றை வைத்து நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று அது கதவைச் சாத்திவிடுகிறது. இந்தியாவில் கல்வி அடிப்படை உரிமை, 2009ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் கைகால் கொடுத்தது. இங்கே கல்வி உரிமை என்ற பெயரில் அப்படி ஒரு உறுப்புரை அடிப்படை உரிமைகளின் பட்டியலில் கிடையாது.

அதனால் இலங்கையில் கல்வி உரிமை வழக்குகள் எல்லாம் பக்கத்து வாசலால் போகின்றன. அந்த வாசல் 12ஆம் உறுப்புரை: சட்டத்தின் முன் எல்லோரும் சமம், இனம், மதம், மொழி, சாதி, பிறந்த இடம் போன்ற காரணங்களுக்காகப் பாகுபாடு கூடாது. அரச பாடசாலை அதிபரும் வலயக் கல்விப் பணிப்பாளரும் நிர்வாகத் துறையின் ஆட்கள். அவர்கள் ஒரு பிள்ளைக்கு ஒரு மாதிரியும் இன்னொரு பிள்ளைக்கு வேறு மாதிரியும் நடந்தால் 126ஆம் உறுப்புரையின் கீழ் நேரே உயர் நீதிமன்றம் போகலாம். தேசிய மொழிகளில் ஒன்றில் கல்வி பெறும் உரித்து 21ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஆக, கல்வி கிடைக்கவில்லை என்று வழக்குப் போடுவது கடினம். மற்றவருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்று போடலாம். மலையகத்துக்கு இந்த இரண்டாவது வாதம் கைவசம் நிறையவே இருக்கிறது என்பது என் எண்ணம்.

அப்புறம் சுற்றறிக்கைகள். பாடசாலையின் அன்றாட வாழ்வில் முக்கால்வாசி, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அல்ல, கல்வி அமைச்சின் செயலாளர் கையெழுத்திட்ட சுற்றறிக்கைகளால்தான் நடக்கிறது. பிள்ளையைச் சேர்ப்பது, காசு சேர்ப்பது, தண்டிப்பது, சுற்றுலா கூட்டிப்போவது எல்லாம் அதில்தான். சுற்றறிக்கை சட்டமா என்று கேட்டால், முழு அர்த்தத்தில் இல்லை. ஆனால் அது அதிகாரியைக் கட்டும். அமைச்சே வகுத்த விதியை அமைச்சின் அதிகாரியே ஒருவருக்கு மட்டும் மீறினால் அது சமத்துவப் பிரச்சினையாகிவிடும். சுற்றறிக்கையே அநியாயமாக இருந்தாலும் கேள்வி கேட்கலாம். 2007இல் உயர் நீதிமன்றம் அப்போது நடைமுறையில் இருந்த தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கையே சமத்துவ உரிமைக்கு முரணானது என்று சொன்னது. வழக்குப் போட்டது பிள்ளைகளின் பெற்றோர்தான்.

தரம் 1, காணி உறுதி இல்லாதவரின் முகவரி

அந்தத் தரம் 1 சுற்றறிக்கையைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். சட்டம் யாரை மனதில் வைத்து எழுதப்படுகிறது என்பது இதில் தெரிவதுபோல் வேறெங்கும் தெரியாது.

பல வருடங்களாக இருந்துவரும் பங்கீடு இது: இடங்களில் 50 வீதம் பாடசாலைக்கு அருகில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே அங்கே படிப்போரின் தம்பி தங்கைகளுக்கு. மிச்சம் கல்வித் துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச ஊழியர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் என்று பிரிகிறது. தோட்டத்துச் சிறிய பாடசாலையில் இதெல்லாம் தேவைப்படாது, வருகிற பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். பிரச்சினை வருவது நுவரெலியா, ஹட்டன், பதுளை, பண்டாரவளை நகரங்களின் பெரிய பாடசாலைகளில். உயர்தர விஞ்ஞானப் பிரிவு வரை ஒரே வளாகத்தில் போகக்கூடிய கதவு அங்கேதான் இருக்கிறது.

வசிப்பிடப் பிரிவில் புள்ளி எப்படிக் கிடைக்கிறது? காணி உறுதி (நிலம் தமக்குச் சொந்தம் என்ற பத்திரம்), பதிவு செய்த குத்தகைப் பத்திரம், அவை எத்தனை வருடப் பழசு, வாக்காளர் இடாப்பில் தொடர்ந்து பெயர் இருக்கிறதா, மின்பட்டியல், தண்ணீர்ப் பட்டியல். லயத்தில் நான்கு தலைமுறையாகக் குடியிருப்பவரிடம் இதில் வாக்காளர் இடாப்பைத் தவிர எதுவும் ஒழுங்காக இருக்காது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். கடிதம்கூடத் தோட்டத்து ஒபிசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது வர வேண்டும். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கிடைத்த குடும்பங்களில் சிலருக்கு உறுதி வந்திருக்கிறது, ஆனால் அதற்கு வயது பத்தாது. இதற்கு மேல், வீட்டுக்கும் விரும்பும் பாடசாலைக்கும் நடுவில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டப்படும். தோட்டத்துப் பாடசாலை வாசலிலேயே இருப்பதால் அது தோட்டத்துப் பிள்ளைக்கே எதிராக எண்ணப்படுகிறது. பழைய மாணவர் பிரிவோ இன்னும் மோசம். அப்பாவும் அம்மாவும் தோட்டத்துப் பாடசாலையில் தரம் 5 படித்தவர்கள் என்றால், நகரப் பாடசாலையின் 25 வீதம் அவர்களுக்கு எப்போதும் பூட்டியதுதான். நேற்று இருந்த பாகுபாட்டை இன்றைக்கும் கடத்திக்கொண்டு வரும் ஒரு விதி அது. இதை யாரும் தீய நோக்கத்தோடு எழுதியிருக்க மாட்டார்கள். எழுதிய மேசையில் லயத்துக்காரர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த விதி இருக்கும்வரை என்ன செய்வது? விண்ணப்பத்தை உரிய நேரத்தில் பதிவுத் தபாலில் போட்டு, அந்தத் துண்டை வைத்திருப்பது முதல் வேலை. நேர்முகத்தில் பிள்ளைக்குக் கிடைத்த புள்ளியைப் பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம். தற்காலிகப் பட்டியலும் காத்திருப்போர் பட்டியலும் பாடசாலையில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும், மேன்முறையீடும் ஆட்சேபனையும் கேட்க ஒரு சபை அமர வேண்டும். பலர் பட்டியலைப் பார்த்துப் பெயர் இல்லையென்று தெரிந்ததும் திரும்பிவிடுகிறார்கள். மேன்முறையீட்டுக் காலம் குறுகியது, போனால் போனதுதான்.

நன்கொடை என்ற பெயரில் யாராவது அனுமதிக்குக் காசு கேட்டால் அதற்குப் பெயர் இலஞ்சம். அரச பாடசாலை அதிபர் அரச ஊழியர், 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் அவருக்கும் பொருந்தும். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு முறையிட்டு அதிபர்கள் கைதான செய்திகள் நாட்டில் புதிதல்ல.

தரம் 5க்கு அப்புறம்

சட்டம் 16 வயது வரை படி என்கிறது. பக்கத்தில் இருக்கும் பாடசாலை பத்து வயதில் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரியும்.

தரம் 5 முடித்த பிள்ளைக்கு அடுத்த பாடசாலை மூன்று நான்கு மைல் தள்ளி இருக்கலாம். மழைக்காலத்தில் மஸ்கெலியா, டயகம, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தூரத்தின் கனம் தெரியும். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும்வரை, தோட்டத்துக்குள் பாதை போடப் பிரதேச சபைக்கு நேரடியாகப் பணம் செலவழிக்கவே முடியாமல் இருந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். நகரப் பாடசாலையோ புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி இல்லாத பிள்ளைக்கு இடம் இல்லை என்கிறது. அதிபர் பொய் சொல்வதில்லை, வகுப்பு உண்மையிலேயே நிரம்பியிருக்கும்.

இந்த இடத்தில்தான் பெற்றோர் அதிபரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்குகிறார்கள். கட்டாய வயதில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஒரு பாடசாலையில் இடம் தேடிக் கொடுக்க வேண்டியது வலயக் கல்விப் பணிமனை. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை என்று ஐந்து வலயங்கள் இருக்கின்றன. பிள்ளையின் பெயர், வயது, முடித்த பாடசாலை, கேட்டு மறுத்த பாடசாலை, மறுத்த திகதி ஆகியவற்றை எழுதி வலயப் பணிப்பாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும். அப்படி ஒரு கடிதம் கோவையில் ஏறிய பிறகு, பிள்ளை வீட்டில் இருப்பது பெற்றோர் இடம் தேடாததால் அல்ல என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கும். பின்னால் யாராவது வந்து ஏன் அனுப்பவில்லை என்று மிரட்டினால் காட்ட அந்த நகல் உதவும்.

இடைவிலகல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முதலில் பையன் வாரத்தில் இரண்டு நாள் போகாமல் இருப்பான். பிறகு கொழும்பில் ஒரு கடையில் ஆள் தேவை என்று சொந்தக்காரர் யாராவது வந்து கூட்டிக்கொண்டு போவார். 2021இல் சட்டத்தைத் திருத்தி வேலைக்கான ஆகக் குறைந்த வயதை 14இலிருந்து 16 ஆக்கினார்கள், கட்டாயக் கல்வி வயதோடு அது பொருந்தும்படி. ஐந்து வருடம் அந்த இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தன. அப்போது 15 வயதுப் பிள்ளை பாடசாலையிலும் இருக்க வேண்டும், வேலையிலும் இருக்கலாம் என்றிருந்தது.

இன்னொரு விதமான இடைவிலகல் இருக்கிறது, அது பாடசாலைக்குள்ளேயே நடக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால், பெறுபேற்று வீதம் குறைந்துவிடும் என்று பயந்து, கெட்டித்தனம் குறைந்த பிள்ளைகளை மெல்ல விலக்கிவிடுவது. "இவன் தேற மாட்டான், விடுகைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போய் ஏதாவது தொழில் பழகட்டும்" என்று அக்கறைபோல் சொல்வார்கள். பெற்றோரும் சேர் சொன்னால் சரிதான் என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். 16 வயது நிரம்பாத பிள்ளையை வெளியே போகச் சொல்ல எந்த அதிபருக்கும் அதிகாரம் இல்லை. பெற்றோர் தாமாகக் கேட்டு வாங்கினார்கள் என்று காட்டும் கையெழுத்துத்தான் அங்கே வேலை செய்கிறது. போடாமல் வருவது நல்லது.

அடியும் காசும்

பிரம்படி பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, விதி அவ்வளவு தெளிவு. கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை மூலம் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது, 2016இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. தண்டனைச் சட்டக் கோவையின் 308அ பிரிவு சிறுவருக்குக் கொடுமை செய்வதைக் குற்றமாக்குகிறது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியர் அறைந்ததால் செவிப்பறை பாதிக்கப்பட்ட ஒரு மாணவரின் வழக்கில், அது கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்தைக்கு எதிரான 11ஆம் உறுப்புரையையும் சமத்துவ உரிமையையும் மீறியது என்று தீர்ப்பளித்து நட்டஈடு கொடுக்கச் சொன்னது. ஆசிரியரோடு அரசும் கொடுக்க வேண்டும் என்றதுதான் அதில் முக்கியம். முறைப்பாட்டுக்கு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது.

மலையகத்தில் உள்ள சிக்கல் வேறு. "ரெண்டு போட்டாத்தான் படிப்பான்" என்று பெற்றோரே ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வருவது இன்னும் ஓயவில்லை. பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் அது செல்லாது. உரிமை பிள்ளைக்குச் சொந்தமானது, அதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அப்பாவுக்கும் கிடையாது.

காசு விஷயம் அவ்வளவு நேர்கோடு இல்லை. இலவசக் கல்வி என்றாலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு அங்கத்துவப் பணம், சிறிய சேவைக் கட்டணம் என்று அனுமதிக்கப்பட்டவை சில உண்டு. அதற்கு மேல் வெள்ளைப்பூச்சு, மின்விசிறி, விளையாட்டுப் போட்டி, ஆசிரியர் தினம் என்று கேட்பதெல்லாம் விருப்பத்தின் பேரில் கொடுப்பது. கொடுக்காத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தவும், இலவசமாக வந்த பாடநூலைப் பிடித்து வைக்கவும், சான்றிதழைத் தர மறுக்கவும் யாருக்கும் இடமில்லை. வாங்கும் பணத்துக்கு ரசீது வேண்டும், கணக்கு சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

இங்கே அதிபரின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நூற்றைம்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் தண்ணீர்த் தாங்கி வெடித்தால், மாகாணத்திலிருந்து பணம் வரும்வரை பிள்ளைகளை மலசலகூடம் போகாதே என்று சொல்ல முடியுமா? பெற்றோரிடம் கேட்பார், அல்லது தோட்டத் தலைவரைப் பிடிப்பார். நகரப் பாடசாலை அனுமதிக்கு இலட்சம் கேட்பதையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனாலும் ரசீது இரண்டு இடத்திலும் வேண்டும்.

பெற்றோர் கொடுக்கும் இன்னொரு விலை யார் கணக்கிலும் வருவதில்லை. கூட்டம் காலை பத்து மணிக்கு என்றால், போகிறவருக்கு அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும், அதிகம் போனால் அரைப்பேர் கிடைக்கும். அதிபர்கள் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று குறைப்படும்போது இதையும் பார்க்க வேண்டும். சனிக்கிழமையோ கொழுந்து நிறுத்த பிறகோ கூட்டம் வைக்கக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அப்படி வைத்துப் பார்த்த பாடசாலைகளில் கூட்டம் நிரம்புகிறது.

சிங்களத்தில் வரும் கடிதம்

தமிழ் மொழிப் பாடசாலைக்குச் சிங்களத்தில் மட்டும் படிவம் வருவது மலையக ஆசிரியர்களிடையே தேய்ந்துபோன புகார். அதிபர் யாரையாவது பிடித்து வாசிக்கச் செய்து, விளங்கியதை நிரப்பி அனுப்புவார். பெற்றோர் நிலைமை அதைவிடக் கீழே. வலயப் பணிமனைக்குத் தமிழில் கொடுத்த கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வரும், அல்லது வராது.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, வடக்கு கிழக்குக்கு வெளியேயும் தமிழில் எழுதி, பதிலோ அதன் மொழிபெயர்ப்போ தமிழில் பெறும் உரித்தைத் தருகிறது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. மறுத்தால் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். பிள்ளையின் கல்வி பற்றிய கடிதத்தில் நிபந்தனைகள் விளங்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இதை மொழிப்பற்றின் விஷயமாக மட்டும் நான் பார்ப்பதில்லை.

யாரிடம் கேட்பது

13ஆவது திருத்தம் கல்வியை இரண்டாகப் பிரித்துவிட்டது. தேசிய பாடசாலைகள் கொழும்பில் உள்ள கல்வி அமைச்சின் கீழ். மற்றவை மாகாணத்தின் கீழ். தோட்டப் பாடசாலைகள் கிட்டத்தட்ட எல்லாமே மாகாணப் பாடசாலைகள். நுவரெலியா, கண்டி, மாத்தளையென்றால் மத்திய மாகாணம், பதுளையென்றால் ஊவா, இரத்தினபுரியும் கேகாலையும் சப்ரகமுவ. அமைச்சருக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர், மனுவே தவறான வாசலில் கிடப்பது தெரியாமல் இருக்கிறார்கள். சப்ரகமுவ மாகாண சபையின் காலம் 2017இலும், மத்திய மாகாண சபையின் காலம் 2018இலும், ஊவாவின் காலம் 2019இலும் முடிந்தன. அதன் பிறகு தேர்தல் நடக்காமல் ஆளுநர் நிர்வாகத்தில் வருடங்கள் ஓடின. மாகாணப் பாடசாலைக்கு ஆசிரியர் இல்லை என்று கேட்கத் தெரிவான உறுப்பினரே இல்லாத காலம் அது.

ஆசிரியர் பற்றாக்குறைக்கு அரசு கண்ட வழியையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2014, 2015 காலத்தில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று மூவாயிரம் அளவில் ஆசிரியர் உதவியாளர்களை எடுக்கத் தீர்மானித்தார்கள். மாதம் 6000 ரூபா கொடுப்பனவு. உயர்தரம் முடித்த இளைஞர்கள், அதே தோட்டங்களின் பிள்ளைகள், பயிற்சி இல்லாமல் நேரே வகுப்புக்குள் போனார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பல வகுப்புகள் வெறுமையாகவே இருந்திருக்கும். ஆனாலும் கொழும்பில் ஒரு பாடசாலைக்கு இப்படி ஒரு ஏற்பாட்டை யாராவது முன்வைத்திருப்பார்களா என்று கேட்டால், 12ஆம் உறுப்புரை ஏன் மலையகத்துக்குப் பொருத்தமானது என்று சொன்னேனே, அது விளங்கும்.

உயர் நீதிமன்றம் போவதில் உள்ள பெரிய தடை பணத்தை விடக் காலம்தான். உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு மாதம் என்பது தோட்டத்துக் குடும்பத்துக்கு யாரிடம் போவது என்று விசாரிப்பதற்கே போய்விடும். இதற்கு 1996ஆம் ஆண்டின் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டுவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் நீதிமன்றக் காலக்கெடுவில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. தமிழில் ஒரு கடிதம் போதும், சட்டத்தரணி தேவையில்லை.

இவை எல்லாவற்றையும் விடத் தோட்டத்துப் பெற்றோருக்குக் கைக்கு எட்டும் கருவி என்று நான் நினைப்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரஜை எவரும் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று அதிகாரி கேட்க முடியாது, விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் பதிவது தகவல் அதிகாரியின் வேலை. 14 வேலை நாளில் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது மௌனமாக இருந்தால், அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் 14 நாளுக்குள் மேன்முறையீடு, அவர் மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும், அதற்கும் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. (பிரஜை என்ற சொல் 2003க்கு முன்பு மலையகத்தில் எத்தனை பேரை வெளியே நிறுத்தியிருக்கும் என்பது தனிக்கதை. அந்த வருடச் சட்டம் மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுத்துவிட்டது.)

ஆனால் என்ன கேட்பது என்பதில் கவனம் வேண்டும். "எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஏன் ஆசிரியர் இல்லை" என்று எழுதினால் வருந்துகிறோம் என்று ஒரு வரி வரும். கேள்வி கோவையிலிருந்து பதில் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்தப் பாடசாலைக்குப் பாடவாரியாக அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எண்ணிக்கை எத்தனை, இப்போது கடமையில் இருப்பவர் எத்தனை, கடந்த மூன்று வருடத்தில் இங்கிருந்து இடமாற்றம் பெற்றுப் போனவர்களுக்குப் பதிலாக யார் எப்போது வந்தார்கள், அதே வலயத்தில் நகரத்துப் பாடசாலையில் அதே பாடத்துக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. நகரப் பாடசாலையில் ஒரு பாடத்துக்கு மேலதிகமாக இரண்டு பேரும் தோட்டப் பாடசாலையில் ஒருவரும் இல்லாமலும் இருப்பது அவர்களின் தாளிலேயே வந்துவிட்டால், அதை வைத்து வலயப் பணிப்பாளரிடமும் பேசலாம், மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் பேசலாம். விண்ணப்பத்தை வலயப் பணிமனையின் தகவல் அதிகாரி பெயருக்குத் தமிழிலேயே எழுதி, பெற்றுக்கொண்டதற்கான துண்டைக் கையோடு வாங்கிக்கொண்டு வர வேண்டும், 14 வேலை நாள் எண்ணத் தொடங்குவது அந்தத் திகதியிலிருந்து.